டிஸ்சார்ஜ்ல கிரியேட்டினின் நார்மல்னு போட்டாங்க, அப்புறம் எதுக்கு 3 மாசம் கழிச்சு வரச் சொல்றாங்க?

கேள்வி | 9 ஜூன் 2025, மாலை 6.10

பையனுக்கு 6 வயசு, உயரம் 112 செ.மீ. போன மாசம் கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்காம மூணு நாள் வாந்தி பேதி. பக்கத்து கிளினிக்ல அமிகாசின் ஊசி போட்டாங்க, காய்ச்சலுக்கு ஒரு சிரப். நாலாம் நாள் யூரினே வரல, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், கிரியேட்டினின் 2.9. டயாலிசிஸ் வேண்டியிருக்கல, டிரிப்ஸ்லயே யூரின் வந்துருச்சு. மே 28 டிஸ்சார்ஜ், அன்னிக்கு கிரியேட்டினின் 0.7. லேப் பேப்பர்ல 0.6 – 1.2 நார்மல்னு போட்டிருக்கு. இப்ப பயல் தெருவுல கிரிக்கெட் ஆடுறான். ஆனா 3 மாசம் கழிச்சு கண்டிப்பா வரணும்னு சீட்டுல எழுதியிருக்காங்க. சரியானதுக்கு அப்புறம் எதுக்கு? யாராச்சும் அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பதில் | 9 ஜூன் 2025, இரவு 9.35

போங்க தம்பி. 3 மாசம் வரைக்கும்கூட உக்காந்துட்டு இருக்காதீங்க, இந்த வாரமே ஒரு தடவை ரத்தம் பாருங்க.

காரணம் சொல்றேன். அந்த 0.6 – 1.2 பெரியவங்களுக்கான அளவு. கிரியேட்டினின் சதையில இருந்து வர்ற கழிவு, சின்னப் பிள்ளைக்கு சதையே கொஞ்சம்தான், அதனால அதோட நார்மலும் கீழதான் இருக்கும். ஆறு வயசுப் பிள்ளைக்கு 0.3, 0.4, 0.5 இப்படித்தான் இருக்கணும். லேப் மெஷினுக்கு வயசு தெரியாது, பேப்பர்ல தடிச்ச எழுத்துல வரலன்னா நாமளும் நார்மல்னு மடிச்சு வச்சுடுறோம்.

குழந்தையோட கிட்னி எவ்வளவு வடிகட்டுதுன்னு (ஜிஎஃப்ஆர்னு சொல்வாங்க) பாக்க ஒரு எளிய கணக்கு இருக்கு, ஷ்வார்ட்ஸ் ஃபார்முலான்னு பேரு. உயரத்தை சென்டிமீட்டர்ல எடுத்து 0.413 ஆல பெருக்கி, வர்றதை கிரியேட்டினினால வகுக்கணும். உங்க பையனுக்கு 112 × 0.413 = 46.26. அதை 0.7 ஆல வகுத்தா 66. ரெண்டு வயசு தாண்டின பிள்ளைக்கு இது 90க்கு மேல இருக்கணும்.

பயமுறுத்த சொல்லல. டிஸ்சார்ஜ் அன்னிக்கு கிட்னி இன்னும் தேறிட்டு இருந்திருக்கும், கிரியேட்டினின் இறங்கிட்டு இருக்கும்போது இந்தக் கணக்கு சரியாவும் வராது. ஒரு நிலைக்கு வந்த பிறகு போட்டாதான் அதுக்கு மதிப்பு. ஆனா நார்மல்னு ஃபைலை பரண்ல போடுற நேரம் இது இல்ல.

9 ஜூன் 2025, இரவு 11.50

தூக்கம் வரல, அதனால எங்க கதையையும் எழுதிடறேன்.

என் மகளுக்கு 2016 ஆகஸ்ட்ல நாலு வயசு. நாங்க கோவில்பட்டி. ரத்தபேதி வந்துச்சு, அஞ்சாறு நாள்ல பேதி நின்னுருச்சு, அப்பாடான்னு இருந்தா பிள்ளை வெளுத்துப் போச்சு, கால்ல சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி, முகம் உப்பிருச்சு, ஒண்ணுக்கு வரல. மதுரைக்கு தூக்கிட்டு ஓடினோம். ஹெச்யூஎஸ்னு சொன்னாங்க. பேதிக் கிருமி விடுற விஷம் ரத்தத்துல கலந்து கிட்னியோட நுண்ணிய ரத்தக்குழாய்ங்கள அடைக்குமாம், அதுல சிவப்பணு மோதி உடையும், தட்டணு குறையும், கிட்னி நிக்கும், மூணும் ஒண்ணா வரும். நம்ம நாட்டுல ஷிகெல்லா கிருமியால இது வர்றது உண்டு, வெளிநாட்டுல பெரும்பாலும் ஈ-கோலை வகையாலயாம்.

11 நாள் வயித்து டயாலிசிஸ். வயித்துல ஒரு குழாய் போட்டு, தண்ணி மாதிரி ஒரு திரவத்தை உள்ள விட்டு, கொஞ்ச நேரம் வச்சு, வெளிய எடுப்பாங்க, ராத்திரி பகல்னு ஓயாம. ஒன்பதாம் நாள் டயப்பரை எடை போட்ட சிஸ்டர் "20 மில்லி வந்திருக்கும்மா"ன்னாங்க. 20 மில்லி, ரெண்டு டேபிள்ஸ்பூன்கூட முழுசா வராது. அதுக்கு நான் அழுத அழுகையில பக்கத்து பெட் ஆளுங்கல்லாம் எழுந்துட்டாங்க.

10 ஜூன் 2025, காலை 7.15

மீதிக் கதை. வீட்டுக்கு வந்தோம், மாசா மாசம் காட்டினோம். 2017 மே மாசம் கிரியேட்டினின் 0.5. நார்மல்னாங்க, தேவைன்னா வாங்கன்னாங்க. தேவைன்னான்னு சொன்னது நமக்கு வரவேண்டாம்னுதான் காதுல விழும். நிறுத்திட்டோம். ரெண்டரை வருஷம் யாருகிட்டயும் காட்டல. பிள்ளை ஓடியாடிட்டு இருந்தா, நல்லா சாப்பிட்டா, எதுக்கு போகணும்?

2019 டிசம்பர்ல டான்சில் ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க டாக்டர் பிபி பாத்தார். 124/82. இன்னொரு பட்டையை மாத்திப் போட்டுப் பாத்தார், அதேதான். ஏழு வயசுப் பிள்ளைக்கு இது அதிகம்மா, முன்னாடி கிட்னி பிரச்சனை எதுவும் இருந்துச்சான்னு கேட்டார். எனக்கு கால் ஆடிப் போச்சு. யூரின்ல புரோட்டீன் போகுது, புரோட்டீன்-கிரியேட்டினின் விகிதம் 0.9 (0.2க்கு கீழ இருக்கணும்). கிரியேட்டினின் 0.6, உயரம் 118, கணக்குப் போட்டா 81.

நேத்து உங்களுக்கு எழுதின பிறகு அந்த பழைய 2017 பேப்பரை தேடி எடுத்தேன். அப்ப உயரம் 104. 104 × 0.413, அதை 0.5 ஆல வகுத்தா 86. அன்னிக்கே 90க்கு கீழதான் இருந்திருக்கு. எட்டு வருஷமா அந்தப் பேப்பர் என் பீரோவுல இருக்கு, இந்தக் கணக்கும் எனக்கு அஞ்சு வருஷமாத் தெரியும், ஆனா பழைய பேப்பருக்கு போட்டுப் பாக்கத் தோணினதே நேத்துதான். அந்த விசிட்ல பிபி பாத்ததா எங்கயும் எழுதல, யூரின் டெஸ்டும் இல்ல.

அதனாலதான் சொல்றேன், போங்க.

10 ஜூன் 2025, மதியம் 1.20

"உள்ள என்னதான் ஆகுது, தேறினது தேறினதுதானே"ன்னு கேட்டிருக்கீங்க. எங்க நெஃப்ராலஜிஸ்ட், அதாவது கிட்னி டாக்டர், சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

ஒரு கிட்னிக்குள்ள சராசரியா பத்து லட்சம் நெஃப்ரான், அதாவது வடிகட்டி. ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். வயித்துல இருக்கும்போதே, ஏறக்குறைய 36 வாரத்துக்குள்ள, எல்லாம் உருவாகி முடிஞ்சிரும். அதுக்கப்புறம் ஒண்ணுகூட புதுசா வராது. குறைமாசத்துல, எடை கம்மியா பிறந்த பிள்ளைங்களுக்கு ஆரம்பத்துலயே எண்ணிக்கை கம்மி. அடி பட்டு கொஞ்சம் போச்சுன்னா மிச்சம் இருக்கறது அந்த வேலையையும் சேத்து இழுக்கும்.

எங்க அப்பா தோட்டத்துல நாலு மோட்டார் ஓடின காலத்துல ரெண்டு பழுதாச்சு. மிச்ச ரெண்டும் வயலுக்கு தண்ணி பாய்ச்சுச்சு, வரப்புல நின்னு பாத்தா ஒரு குறையும் தெரியல. மோட்டார் ரூம்ல போய் கைய வச்சாதான் சூடு தெரியும். கிட்னிக்கு அந்த சூடுதான் பிபியும், யூரின்ல போற புரோட்டீனும். கிரியேட்டினின் பேப்பர் வரப்புல நின்னு பாக்கற கணக்கு, அது ஏறுறது எல்லாத்துக்கும் கடைசியில.

அதனால 3 மாசம் கழிச்சு போகும்போது ரத்தம் மட்டும் எடுத்துட்டு திரும்பிடாதீங்க. பிபியும் யூரின் புரோட்டீன்-கிரியேட்டினின் விகிதமும் கேட்டு வாங்குங்க. உயரத்தையும் அன்னிக்கே அளக்கச் சொல்லுங்க, அது இல்லாம கணக்கு போட முடியாது. இந்த 3 மாச கெடு அந்த டாக்டர் சொந்தமா வச்சதும் இல்ல. கேடிகோன்னு உலக அளவுல கிட்னி வைத்தியத்துக்கு வழிமுறை எழுதுற அமைப்பு, 2012லயே ஏகேஐ, அதாவது திடீர்னு கிட்னி அடிபடுறது, வந்தவங்கள 3 மாசத்துல திரும்பப் பாருங்கன்னு எழுதியிருக்கு.

14 ஜூன் 2025

எத்தனை பேருக்கு பின்னாடி பிரச்சனை வருதுன்னு இன்னொரு அம்மா கேட்டிருந்தாங்க. நான் படிச்சதுல ரெண்டு மனசுல நின்னுது. கனடாவுல 2012ல வந்த ஆய்வு: ஐசியூல ஏகேஐ வந்து பிழைச்ச 126 குழந்தைங்களை 1 முதல் 3 வருஷம் கழிச்சுப் பாத்திருக்காங்க. பத்துல ஒருத்தருக்கு நாள்பட்ட கிட்னி நோய். இன்னொரு 47% பேருக்கு கொஞ்சம் குறைஞ்ச ஜிஎஃப்ஆர், இல்ல பிபி, இல்ல அளவுக்கு மீறின வடிகட்டல், அதாவது பாதிப் பேர் கவனிக்க வேண்டிய வரிசையில. ரெண்டாவது எங்க ஹெச்யூஎஸ் பத்தினது, 2003ல வந்தது, 18 நாட்டுல 3476 பேர். பிழைச்சவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு பிபியோ புரோட்டீனோ ஜிஎஃப்ஆர் குறைவோ ஏதோ ஒண்ணு மிச்சம் இருந்துச்சு.

இஸ்ரேல்ல இன்னொண்ணு, 2018. ராணுவத்துக்கு சேர்றதுக்கு முன்னாடி பரிசோதனை பண்ணின 15 லட்சம் பேரை 30 வருஷம் தொடர்ந்து பாத்திருக்காங்க. சின்ன வயசுல கிட்னி நோய் வந்து, பரிசோதனை அன்னிக்கு கிட்னி நல்லா இருந்தவங்களுக்கும் பின்னாடி கிட்னி செயலிழக்கற வாய்ப்பு 4 மடங்கு.

15 ஜூன் 2025, காலை

நேத்து எழுதினதுல ரெண்டு திருத்தம், ஒரு அம்மா தனியா மெசேஜ் பண்ணி ராத்திரி முழுக்க தூங்கலன்னு சொன்னதால.

4 மடங்குன்னு மொட்டையா எழுதினது தப்பு. அந்த 15 லட்சம் பேர்ல கிட்னி செயலிழந்தவங்க மொத்தமே சுமார் 2500 பேர். ரொம்ப சின்ன எண்ணோட 4 மடங்கு சின்ன எண்தான். அடுத்தது, அந்த ஆய்வுல எடுத்துக்கிட்டது பிறவிக் குறை, கிட்னி இன்ஃபெக்ஷன், குளோமெருலர் (வடிகட்டியையே தாக்கற) நோய்ங்க. ஏகேஐ அப்படியே அதுல இல்ல. நான் ரெண்டையும் ஒண்ணா கலந்துட்டேன்.

இன்னொண்ணும் விட்டுட்டேன். எல்லா ஏகேஐயும் ஒண்ணு இல்ல. பேதியில தண்ணி வத்தி ரெண்டு நாள் கிரியேட்டினின் ஏறி இறங்கின பிள்ளையும், 11 நாள் டயாலிசிஸ்ல கிடந்த என் பிள்ளையும் ஒரே தராசுல வராது. எவ்வளவு ஏறுச்சு, எத்தனை நாள் யூரின் இல்ல, டயாலிசிஸ் ஆச்சா, முன்னாடியே கிட்னியில குறை இருந்துச்சா, திரும்ப ஒருக்கா வந்துச்சா, இதெல்லாம் சேந்துதான் ரிஸ்க். முதல் வகைப் பிள்ளைங்க பெரும்பாலும் நல்லாவே தேறிடுவாங்க.

2 ஜூலை 2025

பிபி பட்டை பத்தி சொல்லியே ஆகணும். எங்க ஊர்ல ஒரு கிளினிக்ல என் மகளுக்கு பெரியவங்க பட்டையை கட்டி "100/60, சூப்பர்"னு அனுப்பினாங்க. அதே வாரம் மதுரையில சரியான பட்டையில 118. பெரிய பட்டை கட்டினா பிபி குறைச்சுக் காட்டும், சின்னப் பட்டை கூட்டிக் காட்டும். உள்ள காத்து ஏறுற பை இருக்கு பாருங்க, அதோட அகலம் கை நடுப்பகுதி சுற்றளவுல 40%, நீளம் கையை 80 முதல் 100% சுத்தணும். பிள்ளை அஞ்சு நிமிஷம் உக்காந்து, கால் தரையில பட்டு, பேசாம இருக்கணும். என் பொண்ணு பேசாம இருக்கணுங்கறதுதான் இதுல கஷ்டம்.

13 வயசுக்கு கீழ ஒரே நம்பர் எல்லாருக்கும் கிடையாது, வயசு, உயரம், ஆணா பெண்ணான்னு அட்டவணை பாக்கணும். 13 ஆனா கணக்கு சுலபம், 120/80க்கு கீழ இருக்கணும், 130/80 தொட்டா ரத்த அழுத்தம். இவளுக்கு இந்த வருஷம் 13 ஆச்சு. "இனி எனக்கு பெரியவங்க பிபிம்மா, அப்ப போனும் பெரியவங்க போன் குடு"ங்கறா.

3 ஜூலை 2025

யூரின் புரோட்டீன் 0.35ன்னு ஒரு பேப்பரை ஒருத்தர் போட்டு பதறியிருக்கார். பொறுங்க. எப்ப எடுத்தது? மதியம் பள்ளிக்கூடம் விட்டு விளையாடிட்டு வந்து கொடுத்ததுன்னா அதை நம்பாதீங்க. காய்ச்சல் நேரத்துலயும் ஓடியாடினாலும் கொஞ்சம் போகும். சில வளர்ற பிள்ளைங்களுக்கு நின்னுட்டு இருந்தாலே போகும், படுத்தா நின்னுரும், அது நோய் இல்ல. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணுக்கு போக வச்சு, காலையில எழுந்த உடனே முதல் யூரின் பிடிச்சுக் கொடுங்க. அதுலயும் திரும்பத் திரும்ப கூட வந்தாதான் டாக்டர் மேல பாப்பாங்க. மேல 0.9 பத்தி எழுதினேன்ல, அதையும் மூணு தடவை காலை யூரின்ல பாத்துட்டுதான் மருந்து ஆரம்பிச்சாங்க.

6 ஜூலை 2025

மருந்து என்னன்னு கேட்டவருக்கு: எனலாப்ரில். பிபியையும் குறைக்கும், வடிகட்டிக்குள்ள இருக்கற அழுத்தத்தையும் குறைக்கும், அதனால புரோட்டீன் போறதும் குறையும். 0.9ல இருந்து இப்ப 0.3. பொட்டாசியம் ஏறுதான்னு ரத்தத்துல பாத்துட்டே இருக்கணும். வாந்தி பேதின்னா அன்னிக்கே நிறுத்தி போன் பண்ணச் சொல்லியிருக்காங்க, உடம்புல தண்ணி இல்லாத நேரம் அந்த மருந்தே கிட்னியை அடிச்சிடும். இன்னொண்ணு, பொண்ணு பெரியவளாயிட்டா, கர்ப்ப காலத்துல இந்த மருந்து கூடாது, கருவுக்கு ஆகாது. அதை 13 வயசுலயே அவகிட்ட எப்படி சொல்றதுன்னு நான் முழிச்சிட்டு இருந்தேன், டாக்டரம்மா என்னை வெளிய உக்கார வச்சுட்டு அவகிட்டயே நேரா பேசிட்டாங்க. அது சரின்னுதான் இப்ப தோணுது. 30 வயசுல என் மக கூட ஃபைலை தூக்கிட்டு நான் போகப் போறதில்ல.

6 ஜூலை 2025, இரவு

சாப்பாடு. சொந்தக்காரங்க எல்லாரும் வைத்தியர்தான். பருப்பு போடாத, முட்டை நிறுத்து, வாழைத்தண்டு ஜூஸ் தினம் குடு, பார்லி தண்ணி குடு, தண்ணிய குடம் குடமா குடு. ஒரு வருஷம் நானும் பருப்பைக் குறைச்சேன். எடை ஏறவே இல்ல. டாக்டர் திட்டினார், வளர்ற பிள்ளைக்கு புரோட்டீனை வெட்டாதீங்க, வீட்டுச் சாப்பாட்டுல இருக்கறது போதும், டப்பா பவுடர் மட்டும் வேண்டாம்னார். தண்ணி தாகத்துக்கு குடிச்சா போதும், வெயில் காலத்துல பாட்டில் கையில இருக்கட்டும், திணிக்க வேண்டாம்.

உப்புதான் உண்மையிலேயே குறைக்க வேண்டியது. அப்பளம், ஊறுகாய், கருவாடு, பாக்கெட் சிப்ஸ், நூடுல்ஸ் மசாலா. தனியா இவளுக்கு மட்டும் குறைச்சா அழறா, அதனால வீட்டுக்கே குறைச்சோம், இப்ப என் வீட்டுக்காரர் பிபியும் இறங்கிருச்சு. கடலைமிட்டாய் குடுக்கலாமான்னு கேட்டேன், தாராளமான்னுட்டாங்க. எங்க ஊர்ல இருந்துட்டு அதை நிறுத்தச் சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன். இப்பவும் மதுரை போகும்போது அந்த சிஸ்டருங்களுக்கு ரெண்டு பாக்கெட் போகும், 20 மில்லி சொன்ன சிஸ்டர் இன்னும் அங்கதான் இருக்காங்க.

18 ஆகஸ்ட் 2025

பாம்பு கடிச்சு தேறின பிள்ளைக்கும் கிட்னியைப் பாக்கணுமான்னு கேட்டவருக்கு தாமதமா பதில், மன்னிக்கணும். கண்ணாடி விரியன் கடிச்சா ரத்தம் உறையாது, கிட்னியும் அடிபடும், அது தெரிஞ்சதுதான். எங்க சித்தி பேரனுக்கு 9 வயசுல தோட்டத்துல கடிச்சுது, விஷமுறிவு மருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஏத்திட்டாங்க, டயாலிசிஸ் ஆறு தடவை, தேறிட்டான். சிலருக்கு கிட்னியோட வெளிப் பகுதியே செத்துப் போகும், அவங்களுக்கு முழுசா திரும்பறது இல்ல. அந்தப் பையனையும் வருஷம் ஒருதடவை கூட்டிட்டுப் போகச் சொல்லி நான்தான் நச்சரிக்கறேன். அவங்க வீட்டுல விஷம் இறங்கிருச்சுல்லங்கறாங்க. விஷம் இறங்கிருச்சு சித்தி, அது போட்ட தழும்பு எங்க போகும்.

(நம்ம நாட்டு விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்துல பெரும்பங்கு சென்னை பக்கத்துல வடநெம்மேலியில இருளர் கூட்டுறவு சங்கத்துல எடுக்கறதுதான். அந்தப் பையன் உயிர்ல அவங்களுக்கும் பங்கு இருக்குன்னு நான் நினைச்சுக்குவேன்.)

கேள்வி கேட்டவர் | 4 செப்டம்பர் 2025

அக்கா, போயிட்டு வந்தோம். ஜூன்லயே நீங்க சொன்னதும் பாத்தது 0.55. இப்ப கிரியேட்டினின் 0.45, உயரம் 113. பிபி 96/58, குழந்தைங்க பட்டைதான், நானே கேட்டுப் பாத்தேன். காலை யூரின் விகிதம் 0.12. அமிகாசின் கிட்னியை அடிக்கக்கூடிய ஆன்டிபயாடிக்காம், அதைப் போட்டதை ஃபைல் முன்பக்கத்துலயே சிவப்பு மையில எழுதி வச்சிருக்காங்க. அடுத்து எப்ப?

4 செப்டம்பர் 2025, இரவு

113 × 0.413, வகுத்தல் 0.45. 104 வருது! ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன். பிபியும் நல்லா இருக்கு, யூரினும் சுத்தம். எங்க வீட்டுல இன்னிக்கு பாயசம், உங்க பையன் பேர்ல.

அடுத்து எப்பன்னு உங்க டாக்டர் சொல்றதுதான் கணக்கு, எங்களுக்கு தெரிஞ்ச பெரும்பாலான பிள்ளைங்களுக்கு வருஷம் ஒருதடவைன்னு வச்சிருக்காங்க. பிறந்தநாள் மாசத்துல வச்சுக்கோங்க, மறக்காது. ஒண்ணு மட்டும், எப்பவாச்சும் கிரியேட்டினின் ரொம்ப இறங்கி கணக்கு 150க்கு மேல போனா சூப்பர்னு சந்தோஷப்படாம டாக்டர்கிட்ட காட்டுங்க, மோட்டார் வேகமா ஓடுதுன்னும் அதுக்கு அர்த்தம் இருக்கலாம்.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். பாட்டிலைத் திருப்பி பின்னாடி பொடி எழுத்தைப் படிங்க. இபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட்னு இருந்தா, வாந்தி பேதியில உடம்பு வத்திக் கிடக்கற நேரத்துல அது கிட்னிக்குப் போற ரத்தத்தை குறைச்சிடும். மே மாசம் அந்தக் காய்ச்சல் சிரப் என்னதுன்னு பாத்தீங்களா?

கேள்வி கேட்டவர் | 5 செப்டம்பர் 2025

பாத்தேன் அக்கா. மெஃபனமிக் ஆசிட்தான்.

11 அக்டோபர் 2025

ரெண்டு நாளா டிவி பாக்க முடியல. மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவுல இருமல் சிரப் குடிச்ச சின்னக் குழந்தைங்க கிட்னி நின்னு செத்துப் போயிருக்காங்க, பெரும்பாலும் 5 வயசுக்கு கீழ. சிரப் நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரானது. டைஎத்திலீன் கிளைக்கால் 48.6% இருந்ததா நம்ம தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதனையில வந்திருக்கு. பாதி பாட்டில் விஷம். 1937ல அமெரிக்காவுல இதே பொருள் நூறு பேருக்கு மேல கொன்னுச்சு, 1986ல மும்பையில, 2022ல காம்பியாவுல. 88 வருஷமா தெரிஞ்ச விஷம்.

ஒண்ணுக்கு வரல, முகம் உப்புதுன்னு அந்த அம்மாக்கள் சொல்றதை கேக்கும்போது எனக்கு 2016 திரும்ப வந்துருச்சு. பிழைச்ச பிள்ளைங்களும் இருக்காங்க. செய்தி நின்ன பிறகு அவங்களுக்கு பிபி பாக்கப் போறது யாரு, அஞ்சு வருஷம், பத்து வருஷம்? அரசாங்கம் நஷ்டஈட்டோட அதையும் எழுதித் தரணும்.

20 அக்டோபர் 2025

பேதிக்கு என்ன குடுக்கறதுன்னு கேட்டவங்களுக்கு ஒரு நல்ல சேதி. ஓஆர்எஸ்னு பேர் போட்டு விக்கற இனிப்பு டப்பா ஜூஸ்லாம் இனி அந்தப் பேரை போடக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த மாசம் சொல்லிருச்சு. உலக சுகாதார நிறுவன அளவுன்னா ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. பாக்கெட்ல இந்த நாலும் இருக்கான்னு பாருங்க, ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர்லயே கலக்குங்க, அரை டம்ளர்ல பாதியைக் கொட்டி கலக்காதீங்க. என் மகளுக்கு நான் முதல் ரெண்டு நாள் குடுத்தது டப்பா ஜூஸ்தான். அதனால ஹெச்யூஎஸ் வரல, அது வேற, ஆனாலும் மனசு அங்கதான் போய் நிக்குது.

23 நவம்பர் 2025

நேத்து மதுரை போயிட்டு வந்தோம். உயரம் 152, கிரியேட்டினின் 0.8. போன வருஷம் 0.7 இருந்துச்சு, பேப்பரைப் பாத்ததும் பஸ்ஸ்டாண்டுல எனக்கு கை நடுங்கிருச்சு. அவதான் போனை வாங்கி கணக்குப் போட்டா. 78. போன வருஷம் 146 செ.மீ., 86.

எட்டு குறைஞ்சிருக்கேன்னு திரும்ப உள்ள போய் டாக்டரம்மாகிட்ட கேட்டேன். வயசுக்கு வந்த பிள்ளைக்கு சதை கூடும், லேப்ல 0.1 முன்னப்பின்ன வர்றது சகஜம், புரோட்டீன் 0.3லயே நிக்குது, பிபி 112, அதனால மருந்தை மாத்தல, 3 மாசத்துல ஒருக்கா மட்டும் பாத்துக்கலாம்னாங்க. சிஸ்டாட்டின் சின்னு ஒரு டெஸ்டும் சேத்துக்கலாமாம், அது சதையைப் பொறுத்து மாறாது.

பிப்ரவரி 21 சனிக்கிழமை தேதி குடுத்திருக்காங்க. அன்னிக்கு அவளுக்கு ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டே, 400 மீட்டர் ஓடுறா. காலையில ரேஸ் முடிச்சுட்டு மதியம் மூணு மணிக்கு வர்றோம்னு அவளே போன் போட்டு மாத்தி வாங்கிட்டா. யூரின் மட்டும் ஓடுறதுக்கு முன்னாடி, காலையில எழுந்த உடனே பிடிச்சு லேப்ல குடுத்துட்டுப் போகணும், அதை மறக்காம ஞாபகப்படுத்துன்னு என்கிட்ட சொல்றா.